பழைய கேம் கன்சோல்: கடையா, இணையமா, ஜப்பானா?

கோலாலம்பூரில் பழைய வீடியோ கேம் வாங்க வழிக்குப் பஞ்சமில்லை. சுங்கை வாங் மாதிரியான பழைய பேரங்காடிகளின் மேல்மாடியில் இன்னும் சின்னச் சின்ன கேம் கடைகள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன. கைப்பேசியைத் தடவினால் கரோசல், மூடா என்று வரிசையாக விளம்பரங்கள். சனி, ஞாயிறு என்றால் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் பழைய பொருள் சந்தை. ஜப்பானில் ஏலத்தில் எடுத்து வீட்டுக்கே அனுப்பிவைக்கும் இணைய முகவர்களும் இருக்கிறார்கள். இத்தனைக்கு நடுவில் எதைப் பிடிப்பது என்பதுதான் குழப்பம்.

இந்தக் குழப்பத்தில் இப்போது மாட்டியிருப்பவர் என் தங்கை வீட்டுக்காரர். செந்தூலில் வளர்ந்தவர். சின்ன வயதில் அவர் வீட்டில் இருந்தது மைக்ரோ ஜீனியஸ். நிண்டெண்டோவின் ஃபாமிகாம் கன்சோலைப் பார்த்துத் தைவானில் செய்த நகல் அது. அந்தக் காலத்தில் நம்மில் பலர் வீட்டில் ஃபாமிகாம் என்றால் அதுதான். ஃபாமிகாமுக்கு அடுத்து வந்த அசல் சூப்பர் ஃபாமிகாம் பக்கத்து வீட்டுப் பையனிடம் இருந்தது. அதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்ததாகச் சொல்வார், மிகைப்படுத்துகிறார் என்றுதான் நினைக்கிறேன். இப்போது கையில் கொஞ்சம் காசு இருக்கிறது, கூட ஆட ஒன்பது வயதில் மகனும் இருக்கிறான். “எங்க வாங்கலாம் மச்சான்? இணையத்துல நூறு வெள்ளி குறைச்சலா இருக்கே?” என்று கேட்டார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்சோலைக் கடையில் வாங்குங்கள், நூறு வெள்ளி கூடப் போனாலும் பரவாயில்லை. ஆட்டக் கேசட்டை எங்கே மலிவோ அங்கே வாங்கலாம், போலியைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால். பழைய ஆசைக்கு நாலு நாள் ஆடிப்பார்க்கத்தான் என்றால் எதையும் வாங்க வேண்டாம்.

அந்த மூன்றாவது கூட்டத்தை முதலில் அனுப்பிவைத்துவிடுவோம், சீக்கிரம் முடியும் வேலை. வீட்டில் நிண்டெண்டோ சுவிட்ச் இருக்கிறதா? சுவிட்ச் ஆன்லைன் சந்தாவிலேயே ஃபாமிகாம், சூப்பர் ஃபாமிகாம், கேம்பாய் காலத்து ஆட்டங்கள் வந்துவிடுகின்றன. அமெரிக்க விலைக்கு ஆண்டுக்கு 19.99 டாலர். நிண்டெண்டோ 64, கேம்பாய் அட்வான்ஸ், செகாவின் மெகா டிரைவ் எல்லாம் வேண்டுமென்றால் 49.99 டாலர் சந்தா. செத்துப்போனால் ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு. நாற்பதைத் தாண்டிய விரல்களுக்கு அது பெரிய உபகாரம். சந்தா நின்றால் ஆட்டமும் நின்றுவிடும், அதுதான் கணக்கு.

பழைய கன்சோலைச் சின்னதாக்கி, ஆட்டங்களை உள்ளேயே வைத்து மினி கன்சோல்கள் என்று ஒரு வகை வந்தது. நிண்டெண்டோ 2016-இல் 30 ஆட்டங்களோடு ஒன்றும், 2017-இல் 21 ஆட்டங்களோடு சூப்பர் நிண்டெண்டோ மினியும் விட்டது. இரண்டின் உற்பத்தியையும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஆகவே இன்று “புத்தம் புதுசு, சீல் உடைக்காதது” என்று மலிவாக வந்தால் போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 2018-இல் வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக்கைத் தவிர்த்துவிடலாம். அதிலிருந்த 20 ஆட்டங்களில் சில, 50 ஹெர்ட்ஸில் ஓடும் ஐரோப்பியப் பதிப்புகள், ஓட்டம் மந்தமாக இருக்கும். 2019-இன் மெகா டிரைவ் மினி நல்ல சரக்கு. அசலாகக் கையில் கிடைத்தால் விடாதீர்கள்.

அப்புறம் ஆயிரக்கணக்கான ஆட்டங்களைத் திணித்த கையடக்கக் கருவிகள். கருவியில் குற்றமில்லை, சில நன்றாகவே செய்யப்பட்டவை. உள்ளே இருக்கும் ஆட்டங்களில் பெரும்பாலானவை உரிமையாளரைக் கேட்காமல் நகலெடுத்தவை. கூட வரும் மெமரி கார்டும் மட்ட ரகம், திடீரென்று ஒரு நாள் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுப் படுத்துவிடும். என் மருமகனிடம் ஒன்று இருக்கிறது. ஐயாயிரம் ஆட்டம் என்று அட்டையில் போட்டிருக்கிறது. ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறான், ஒன்றையாவது முடித்ததாக நினைவில்லை. அப்பாவுக்கு அசல் கன்சோல் ஆசை மறுபடி கிளம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, அசல்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. இப்போது கடைக்கு வருவோம்.

நான் வழக்கமாகப் போகும் கடை ஒரு படுக்கையறை அளவுகூட இருக்காது. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டியதுதான். கண்ணாடி அலமாரியில் கேசட்டுகள் முதுகு தெரிய அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றின் மேலும் பேனாவில் விலை எழுதிய சின்ன வெள்ளைத் தாள். கல்லாவுக்குப் பக்கத்தில் பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் பழைய டிவி. கடை முழுக்க ஆல்கஹால் வாடை. தவுக்கே, அதாவது கடை முதலாளி, அதிகம் பேசுகிற ஆள் இல்லை. “பாஸ், போலே ட்ரை கா?” (ஓட்டிப் பார்க்கலாமா) என்று கேட்டால், “போலே, அண்ணே” என்று வயரை நம் பக்கம் நீட்டுவார். நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசு அந்த வயருக்குத்தான்.

ஏனென்றால் இந்தச் சாமான்களுக்கு வயதாகிவிட்டது. சூப்பர் ஃபாமிகாம் ஜப்பானில் வெளிவந்தது 1990 நவம்பரில். முதல் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பரில். எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் முப்பது வருடம் முப்பது வருடம்தான். அதிலும் நம் ஊர்ப் புழுக்கத்தில் செம்பு முனைகள் கறுக்கும், பூஞ்சை பிடிக்கும், ரப்பர் பிசுபிசுக்கும். இதில் எதுவும் படத்தில் தெரியாது. கையில் எடுத்து ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கடையில் நான் பார்க்கும் விதம் இது. முதலில் கேசட்டைச் செருகி ஸ்விட்சைப் போடுவேன். படம் உடனே வர வேண்டும். ஆட்டி, அசைத்து, சாய்த்துப் பிடித்தால்தான் வருகிறது என்றால் கேசட் அழுக்காக இருக்கலாம், அல்லது கன்சோலின் வாய் தளர்ந்திருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல. எது என்று தெரிய, தவுக்கேயைத் துடைத்துத் தரச் சொல்லுங்கள். பஞ்சுக் குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து முனைகளில் இரண்டு இழுப்பு இழுப்பார், பஞ்சு கரி மாதிரி வரும். மறுபடி செருகிப் படம் நின்றால் கேசட்டின் அழுக்கு, தீர்ந்தது. அப்போதும் ஆடினால் வேறொரு கேசட்டைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் ஆடினால் கன்சோலைக் கீழே வைத்துவிடலாம். நாமெல்லாம் சின்ன வயதில் செய்த மாதிரி வாயால் ஊதாதீர்கள்; எச்சிலின் ஈரம் முனையில் துருவைத்தான் கொண்டுவரும்.

அடுத்து கண்ட்ரோலர். திசை பட்டனை எட்டுப் பக்கமும் அழுத்திப் பாருங்கள், மேலே தோளில் இருக்கும் எல், ஆர் பட்டன்களை மறக்க வேண்டாம். ஒரே கண்ட்ரோலரை இரண்டு துளையிலும் மாட்டிப் பாருங்கள். அப்பாவும் மகனும் ஆடப்போகிற பெட்டியில் இரண்டாவது துளை செத்திருந்தால் வாங்கியே பயனில்லை. அப்புறம் அவசரப்படாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். சூடேறிய பிறகு கோடு கோடாகப் படம் உடைகிற பெட்டிகள் உண்டு.

சேவ் ஆகிறதா என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சேமிக்கும் வசதியுள்ள சூப்பர் ஃபாமிகாம் கேசட்டுகள் பலவற்றில் அதற்காக உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032, பற்றவைத்திருக்கும். அது தீர்ந்துபோன கேசட்டும் ஆட்டத்தை ஒழுங்காகக் காட்டும், ஆனால் அணைத்தால் எல்லாம் போய்விடும். கடையில் ஒரு கட்டம் ஆடி, சேமித்து, அணைத்து, கேசட்டை வெளியே எடுத்து மறுபடி போட்டுப் பாருங்கள். போய்விட்டிருந்தால் பேரம் பேச இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. பேட்டரியை மாற்றிக்கொடுக்கத் தவுக்கேயையே கேட்கலாம். சாலிடரிங் தெரிந்தவருக்குச் சின்ன வேலைதான்.

பிளேஸ்டேஷன் 2 வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதில் டிவிடி ஆட்டங்களும் உண்டு, அடிப்பக்கம் நீலமாக இருக்கும் சிடி ஆட்டங்களும் உண்டு. லேசர் களைத்துப்போன பெட்டி ஒரு வகையைப் படித்துவிட்டு மற்றதைத் திணறித் திணறித் துப்பும். இரண்டிலும் ஒவ்வொன்றைப் போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

மஞ்சளாகிப் போனதற்குப் பயப்பட வேண்டாம். அந்தக் காலப் பிளாஸ்டிக் வெயில் பட்டுப் பட்டு மஞ்சளாகும், உள்ளே ஓடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைக் காட்டி விலையைக் குறைக்கப் பாருங்கள். நான் என்றால் மஞ்சள் பெட்டியையே எடுப்பேன்.

இதெல்லாம் இணையத்தில் முடியாது. தனி ஆளிடம் வாங்கும்போது கிடைப்பது நாலு படமும் “நல்லா ஓடுது, சோதிச்சது” என்ற ஒரு வரியும்தான். எப்போது சோதித்தார், எதில் சோதித்தார், எத்தனை நிமிடம்? கேட்டால் சிலர் வீடியோ எடுத்து அனுப்புவார்கள், அப்படிப்பட்டவரிடம் தாராளமாக வாங்கலாம். என் நண்பர் ஒருவருக்கு வந்த கேம் கியர் என்ற செகா கையடக்கக் கருவி படத்தில் பளபளவென்று இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டர் ஒழுகி போர்டை அரித்திருந்தது. கேம் கியருக்கு அது பரம்பரை நோய், விற்றவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். முதல் எக்ஸ்பாக்ஸிலும் கடிகாரத்துக்கென்று இருக்கும் கெப்பாசிட்டர் இப்படித்தான் ஒழுகும். இந்த இரண்டையும் உள்ளே பார்த்துச் சரிசெய்தவரிடம் மட்டும் வாங்குங்கள்.

இன்னொரு வித்தியாசம், சட்டம். மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரைக்கும் முறையிடலாம். ஆனால் அது வியாபாரிக்கு எதிராகத்தான். வீட்டில் சும்மா கிடந்ததை விற்ற தனி ஆளை அங்கே இழுக்க முடியாது. கடையில் ரசீது வாங்க மறக்காதீர்கள். ஒரு வாரமாவது மாற்றித் தருவேன் என்று அதிலேயே எழுதித்தரும் கடை இருந்தால் அந்தக் கடையை விடாதீர்கள்.

இணையம் ஜெயிக்கும் இடம் கேசட். கடையில் இருப்பது அந்த அலமாரி அளவுதான், இணையத்தில் தேடியது கிடைக்கும். கேசட்டில் கெட்டுப்போக அதிகம் இல்லை, போலிதான் ஆபத்து. கேம்பாய் அட்வான்ஸ் கேசட்டுகளில், முக்கியமாக போகிமான் ஆட்டங்களில், போலி மலிந்து கிடக்கிறது. விற்பவரிடம் இரண்டு படம் கேளுங்கள். ஒன்று, கீழ்வாயை நேராகப் பிடித்து எடுத்தது: அசலில் தங்க நிற முனைகளுக்குச் சற்று மேலே பச்சைப் போர்டில் நிண்டெண்டோ என்று பொறித்திருப்பது தெரியும். இன்னொன்று, லேபிளைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் எடுத்தது: அசல் லேபிளில் இரண்டு இலக்க எண் ஒன்று மையில்லாமல் அழுத்திப் பதித்திருக்கும். படம் அனுப்ப மறுத்தால் அடுத்த ஆளைப் பாருங்கள். போகிமான் ரூபி, எமரால்ட் ஆட்டங்களைப் போட்டதும் உள்பேட்டரி தீர்ந்துவிட்டது என்று செய்தி வந்தால் அதற்காக ஒதுக்க வேண்டாம். அதில் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான், சேமிப்பு தனியாக நிற்கும்.

பிளேஸ்டேஷன் 1 டிஸ்க் என்றால் இன்னும் சுலபம். அசலின் அடிப்பக்கம் கறுப்பு. நாம் பள்ளிக்கூடக் காலத்தில் பெட்டாலிங் ஸ்திரீட்டில் அள்ளிக்கொண்டு வந்ததெல்லாம் வெள்ளி நிறம். அவை எந்தக் கணக்கிலும் சேர்த்தியில்லை. நம் அரசாங்கம் 2000-இல் ஆப்டிகல் டிஸ்குகளுக்கென்றே தனிச் சட்டம் போட்டதே அந்தத் திருட்டு டிஸ்க் வியாபாரத்தை ஒடுக்கத்தான். இன்றைக்கும் யாராவது அந்த வெள்ளி டிஸ்கை “அரிய சரக்கு” என்று விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

சந்தைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அம்கோர்ப் மாலோ, பினாங்கில் லோரோங் கூலிட்டோ, காலையிலேயே போகிறவருக்குக் கிடைக்கும். ஓட்டிப் பார்க்க முடியாது, திருப்பித் தர முடியாது, விலை மலிவு. கண்ட்ரோலர், வயர், கேசட் வாங்கலாம், கன்சோல் வேண்டாம். ஜாலான் ஜாலான் ஜப்பான் கடைகளும் இந்த வகைதான். ஜப்பானின் புக்ஆஃப் நிறுவனம் அங்கே விலைபோகாத பழைய சாமான்களை இங்கே கொண்டுவந்து விற்க 2016-இல் ஆரம்பித்தது. கேம் இருந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் பீங்கான் கோப்பையோடு வீடு திரும்பலாம். என் தங்கைக்கு அதில் வருத்தம் இல்லை.

ஜப்பானிலிருந்து நேரடியாக வரவழைப்பதுதான் மச்சானுக்கு அதிக ஆசை. ஏல விலையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அது பாதிக் கணக்கு. முகவர் கட்டணம், ஜப்பானுக்குள் அனுப்பும் செலவு, இங்கே வரும் செலவு என்று ஏறிக்கொண்டே போகும். 2024 ஜனவரி முதல் 500 வெள்ளிக்கு மேற்படாத இறக்குமதிப் பொருள்களை இணையத்தில் பதிவுபெற்ற விற்பனையாளரிடம் வாங்கினால் 10 விழுக்காடு விற்பனை வரியும் உண்டு. பட்டியலில் “ஜங்க்” என்று போட்டிருந்தால் சோதிக்கவில்லை, திருப்பி எடுக்கமாட்டோம் என்று பொருள். சில நேரம் ஓடும், பல நேரம் ஓடாது. பத்து கேசட்டைச் சேர்த்து ஒரே பெட்டியில் வரவழைத்தால் கட்டுப்படியாகும், ஒற்றைக் கன்சோலுக்குக் கட்டாது.

அதைவிடப் பெரிய விஷயம் மின்சாரம். ஜப்பானில் 100 வோல்ட், நம் சுவரில் வருவது 240-க்குப் பக்கம். ஜப்பானிய அடாப்டரை அப்படியே நம் பிளக்கில் குத்தினால் கருகும். சூப்பர் ஃபாமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட், 850 மில்லியாம்ப் டிசி மின்சாரம், அதுவும் கன்சோலில் செருகும் பிளக்கின் நடு முனை நெகட்டிவ். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு முனை பாசிட்டிவ். வோல்ட் சரியாக இருந்து முனை மாறினாலும் உள்ளே ஃபியூஸ் போகலாம். மின்சாரப் பகுதி உள்ளேயே இருக்கும் ஜப்பானிய பிளேஸ்டேஷன், செகா சாட்டர்ன் என்றால் 240-ஐ 100-ஆகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வேண்டும், கனமான சாமான். எதை வாங்கினாலும் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வோல்ட் எழுதியிருக்கிறதா என்று படியுங்கள். கடையில் வாங்கும்போது இந்தத் தலைவலி பெரும்பாலும் தவுக்கேயுடையது, நம் ஊருக்கு ஏற்ற அடாப்டரைச் சேர்த்துக் கொடுப்பார்.

மொழியையும் யோசிக்க வேண்டும். சூப்பர் மரியோ வேர்ல்டுக்கு ஜப்பானிய மொழி தேவையில்லை. டிராகன் குவெஸ்ட் வகையறா முழுக்கப் பேச்சு, படிக்கத் தெரியாமல் ஊரைவிட்டு வெளியே போகவே முடியாது. கேம்பாய், கேம்பாய் அட்வான்ஸ் இரண்டுக்கும் நாட்டுப் பூட்டு கிடையாது, எந்த நாட்டுக் கேசட்டும் ஓடும். பெரிய கன்சோல்களில் அப்படி இல்லை. வாங்கும் பெட்டி எந்த நாட்டுப் பதிப்போ அதே நாட்டு ஆட்டம்தான் என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஆக மச்சானுக்கு நான் சொன்னது: சூப்பர் ஃபாமிகாம், இரண்டு கண்ட்ரோலர், அடாப்டர், மரியோ கேசட் ஒன்று, எல்லாம் ஒரே கடையில் ஒரே ரசீதில். அந்த நூறு வெள்ளிக்காக இணையத்துக்குப் போக வேண்டாம். மீதிக் கேசட்டுகளைப் பொறுமையாக இணையத்தில் சேர்க்கலாம். அவர் பாதி சம்மதித்திருக்கிறார். மைக்ரோ ஜீனியஸ் துப்பாக்கியை எங்காவது தேடிப் பிடித்து மகனோடு வாத்து சுட வேண்டும் என்பது மீதி ஆசை. அது நடக்காது. வாத்து சுடும் டக் ஹண்ட் ஆட்டத்தின் துப்பாக்கி பழைய குழாய் டிவியின் திரையை நம்பிச் செய்தது, இன்றைய தட்டை டிவியில் எத்தனை தடவை சுட்டாலும் வாத்து பறந்துகொண்டேதான் இருக்கும்.

டிவி பேச்சு வந்ததால் இதையும் சொல்ல வேண்டும், எந்த வழியில் வாங்கினாலும் இந்தச் செலவு காத்திருக்கிறது. சூப்பர் ஃபாமிகாமில் இருந்து வருவது மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர். நல்லவேளையாக அதே வயர் நிண்டெண்டோ 64-க்கும் கேம்கியூப்புக்கும் பொருந்தும். ஆனால் புதிய டிவிகள் பலவற்றில் அந்த மூன்று துளைகளே இல்லை. சிலவற்றில் ஹெட்ஃபோன் துளை மாதிரி ஒன்று இருக்கும், அதற்குத் தனி வயர் வேண்டும். ஒன்றுமே இல்லாவிட்டால் எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் சின்னப் பெட்டி. மலிவானவற்றில் படம் மங்கும், பட்டனை அழுத்திய பிறகு மரியோ யோசித்துத்தான் குதிப்பான். நல்லதாக வேண்டுமென்றால் ரெட்ரோடிங்க் போன்றவை இருக்கின்றன, அவற்றின் 4கே ரகம் வெளிவந்தபோது விலை 750 டாலர். அந்தக் காசுக்கு எத்தனை சூப்பர் ஃபாமிகாம் வாங்கலாம் என்று மச்சானிடம் சொல்லவில்லை. பழைய குழாய் டிவி சும்மா கொடுக்க யாராவது இருந்தால் அதைத் தூக்கிவர இரண்டு ஆள் பிடிப்பதே மலிவான வழி, வைக்க இடம் இருந்தால்.

கடைக்குக் கிளம்பும் முன் உங்கள் டிவியைத் திருப்பி, பின்பக்கத் துளைகளைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வயர் வேண்டும் என்று தவுக்கே அதைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.